எங்கள் வீட்டுக்கு வந்த கோபால்

2011 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தேதி எனக்கு மறக்காமல் இருப்பதற்கு ஜப்பான்தான் காரணம். இரண்டு நாளுக்கு முன்புதான் அங்கே கடல் எழும்பி ஊருக்குள் புகுந்திருந்தது. எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் அதே கறுப்புத் தண்ணீர், அதில் தீப்பெட்டி மாதிரி மிதக்கும் கார்கள். அம்மாவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. "போதும்யா, வேற ஏதாச்சும் போடு" என்றார். தம்பி இந்த ஒரு வார்த்தைக்காகவே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்போல டிவி3-க்குத் தாவினான். புதுக் கார்ட்டூன் வரப்போகிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் 'போபோய்போய்'.

நான் அப்போது ஊடகத்துறைப் பட்டப்படிப்பில் இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கொமியூட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிடுவேன். ஒரு பையில் அழுக்குத் துணி, இன்னொரு பையில் எழுதி முடிக்காத கட்டுரைகள். தம்பிக்கு ஒன்பது வயது. கார்ட்டூன் பார்க்கும் வயதை நான் தாண்டிவிட்டதாக நினைப்பு. கண்ணை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு காதை மட்டும் தொலைக்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். அந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கப்போகிறேன் என்று அன்று தெரியாது.

கதை இதுதான். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட ஒரு பையன், பள்ளி விடுமுறைக்கு ரிந்திஸ் தீவில் இருக்கும் தாத்தா வீட்டுக்கு வருகிறான். தாத்தா தோக் அபா ஒரு கடை வைத்திருக்கிறார். கோப்பி விற்றால் கோப்பித்தியாம்; இவர் விற்பது கொக்கோ, ஆகவே 'கொக்கோத்தியாம்'. இந்தக் கடையைத் தேடித்தான் விண்வெளியிலிருந்து வில்லன் வருகிறான். ஆடு டு என்று பெயர். பச்சை உடம்பு, பெட்டி மாதிரி சதுரத் தலை. கோபம் வந்தால் கையில் இருக்கும் கோப்பையைத் தூக்கித் தன் உதவியாள் ரோபோ மீதே எறிவான். அவனுக்குப் பூமியில் என்ன வேண்டும்? தங்கமா, பெட்ரோலா? கொக்கோத் தூள். அவன் கணக்கில் அதுதான் மகா சக்தி வாய்ந்த எரிபொருள்!

மைலோ டின்னைக் கண்ணெதிரில் வைத்தே வளர்ந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. தம்பி வில்லன் பக்கம் நியாயம் இருப்பதாகவே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தான்.

ஓச்சோபோட் என்ற உருண்டை ரோபோவின் தயவில் பையனுக்கு ஆற்றல் கிடைக்கிறது. கையில் ஒரு கடிகாரம். மின்னல், காற்று, நிலம். ஒருவன் மூவராகப் பிரியலாம். ஆனால் அதிக நேரம் பிரிந்தே இருந்தால் மறதி வந்துவிடும். உலகத்தைக் காப்பாற்ற வந்த வீரன் நடுவழியில் தான் யாரென்று மறந்து நிற்பான். இந்தக் கிறுக்குத்தனம்தான் தொடரின் உயிர். அமெரிக்க சூப்பர் ஹீரோக்களுக்குப் பெரிய சோகம் ஒன்று இருக்கும்; கட்டடத்தின் உச்சியில் நின்று மழையில் நனைவார்கள். இவர்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சுடச்சுடக் கொக்கோ குடிப்பார்கள்.

தாத்தா வீட்டுப் பக்கத்தில் பையனுக்குக் கிடைக்கும் நண்பர்கள் மூவர். விதிமுறை தவறாத யாயா. அவள் சுடும் பிஸ்கட்டை யாராலும் வாயில் வைக்க முடியாது. மின்னல் வேகத்தில் ஓடும் யிங். மூன்றாவது ஆள், கோபால்.

அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். தொலைக்காட்சியைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"யாரு அது? நம்ம பையனா?"

தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "ஆமாம்மா. கோபாலாம்."

அம்மா நின்றுகொண்டே கடைசி வரை பார்த்தார். கோபால் குண்டாக இருந்தான். எதைப் பார்த்தாலும் பயந்தான். எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. வாரங்கள் போகப் போக இன்னொன்றும் தெரிந்தது: அவனுக்குத் தோக் அபா கடையில் கடன். கடன் கணக்கு வந்தபோதுதான் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் தாமான் முனையில் இருந்த மளிகைக்கடையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு 555 புத்தகம் இருந்தது. அரிசி, பால் மாவு, சார்டின் எல்லாம் அதில் ஏறும். அப்பாவுக்கு லோரிச் சம்பளம் வந்த அன்று இறங்கும். அம்மா வாங்க வேண்டியதைச் சொல்லிவிட, கடைக்காரரிடம் போய் "எழுதிக்குங்க" என்று சொல்வது தம்பியின் வேலை. சூப்பர் ஹீரோவின் கூட்டாளிக்கும் கடன் புத்தகம் இருப்பதைப் பார்த்து அவனுக்கு வந்த நிம்மதியை நான் என்னவென்று சொல்வது!

எனக்கு வந்தது நிம்மதி அல்ல. என் எரிச்சலுக்குக் காரணம் புரிய வேண்டுமானால் அந்த ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இந்தர்லோக்' நாவல், 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களின் இலக்கியப் பாடநூலாக வந்திருந்தது. அதில் இந்தியர்களைக் குறிக்க வந்த ஒரு சொல்லும், நம் மூதாதையரைக் காட்டிய விதமும் நம்மவர்களைக் கொதிக்க வைத்தன. கூட்டங்கள், மறுப்பு அறிக்கைகள், நாளிதழ்களில் பக்கம் பக்கமாகக் கடிதங்கள். ஆண்டு முடிவில், டிசம்பரில்தான், நாவலைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்வதாக அறிவித்தார்கள். என் வகுப்பில் தமிழ் மாணவர்கள் நாங்கள் ஆறு பேர். மதியச் சாப்பாட்டில் தொடங்கும் அந்தப் பேச்சு பேருந்து நிறுத்தம் வரை வரும். நம்மை யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசாத காலம் அது.

அதே மாதங்களில், எந்தக் கூட்டமும் கண்டனமும் இல்லாமல், கோபால் ஒவ்வொரு வீட்டு வரவேற்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டான்.

எனக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஊடகங்களில் சிறுபான்மையினர் என்ற தலைப்பு. நான் கோபாலை எடுத்துக்கொண்டேன். தின்னி, பயந்தாங்கொள்ளி, கடன்காரன், எப்போதும் இரண்டாமவன். வீரன் அவனில்லை, வீரனுக்குப் பக்கத்தில் நிற்பவன். நான்கு இனத்தையும் நாலு மூலையில் நிறுத்திப் படம் பிடிக்கும் பழைய விளம்பரத்தின் அசையும் வடிவம் என்றெல்லாம் எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. இன்று எடுத்துப் படித்தாலும் அதில் பாதி சரியென்றே தோன்றுகிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தம்பி படித்தது கிள்ளானில் ஒரு தேசியப் பள்ளி. மூன்றாம் ஆண்டு. வகுப்பில் தமிழ்ப் பையன்கள் மிகக் குறைவு. அதில் குண்டானவன் இவன் ஒருவன். கார்ட்டூன் ஓடத் தொடங்கிச் சில வாரத்துக்குள் இவன் பெயர் கோபால் ஆகிவிட்டது. ஓய்வு நேரத்தில் திடலில் 'போபோய்போய்' விளையாட்டு. மின்னலுக்கு ஆறு பேர் சண்டை போடுவார்கள். கோபாலுக்குப் போட்டியே இல்லை, அது இவனுக்கென்றே ஒதுக்கிய இடம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டுவான். கல்லைக் கையில் எடுத்து "துக்காரான் மக்கானான்!" என்று கத்துவான், அது பிஸ்கட் ஆகிவிட்டதாகக் கணக்கு. கையில் பட்டதை எல்லாம் சாப்பாடாக மாற்றுவதுதான் கோபாலின் ஆற்றல். யோசித்துப் பாருங்கள், எதிரியின் ஆயுதத்தைத் தின்பண்டமாக்கும் வீரன்! உலகத்து சூப்பர் ஹீரோக்களில் இதைவிட நல்ல வரம் வாங்கியவன் யார்?

ஒரு சனிக்கிழமை அவன் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னேன்:

"டேய், அவங்க உன்னைக் கேலி பண்றாங்கடா. குண்டா இருக்கே, தமிழனா இருக்கே, அதான் கோபால்ங்கிறாங்க. இதுகூட உனக்குத் தெரியல?"

அவன் கல்லைக் கீழே போட்டான். அழவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டான். பிறகு போய்ப் பாட நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பாட நூலைத் தானாக எடுக்கும் பையன் அல்ல அவன்.

நான் வானொலிக்கு வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. கோபாலை மறந்தே போயிருந்தேன். 2025இல் 'கெலுவாங் மேன்' திரைப்படமாக வந்தபோதுதான் எல்லாம் கிளம்பியது. என் வயதுக்காரர்களுக்கு அவனைத் தெரியாமல் இருக்காது. 1998இல் ஆர்டிஎம் ஒளிபரப்பிய கார்ட்டூன். ஜோகூர் தம்போய் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருக்கும் போர்ஹான், இரவானால் வௌவால் உடுப்பு மாட்டிக்கொண்டு ஊரைக் காக்கக் கிளம்பிவிடுவான். எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் யாராவது கோணங்கித்தனம் செய்தால் "இவனைத் தம்போய்க்கு அனுப்பு" என்போம். வடக்கே பேராக் பக்கம் போனால் அதுவே தஞ்சோங் ரம்புத்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

படம் வந்த வாரம் என் நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன்: "உங்க வாழ்க்கையில முதல் சூப்பர் ஹீரோ யாருங்க?"

முதல் அழைப்பு செந்தூலிலிருந்து ஓர் ஐயா. "இரும்புக்கை மாயாவிம்மா" என்றார், ஒரு விநாடி யோசிக்காமல். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். ஐயா கதையே சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த மாயாவி பிரிட்டனிலிருந்து மொழிபெயர்ப்பாகி வந்தவர் என்பதை நான் சொன்னபோது, "இருந்தா என்னம்மா, தமிழ்ல தானே பேசுனாரு" என்றார். அடுத்து ஓர் இளைஞர், சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சான். அவர் அந்தக் குரலிலேயே இரண்டு வசனம் பேசிக் காட்டினார். மூன்றாவது ரஜினி, அதை எதிர்பார்த்தேன்.

நான்காவதாகக் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா. அலுவலகம் விட்டுக் காரில் போய்க்கொண்டே பேசினார். "எனக்கு இல்லீங்க, என் மகனுக்கு. போபோய்போய்ல வர்ற கோபால். அது வந்த பிறகுதான் அவன் தன் பேரைச் சரியாச் சொல்ல ஆரம்பிச்சான். அதுவரைக்கும் ஸ்கூல்ல அவன் பேரைச் சுருக்கிக் கூப்பிடுவாங்க. டிவியில மூணெழுத்துத் தமிழ்ப் பேரு வந்துட்டா, பேரைச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வருது பாருங்க."

உடனே ஒரு பெரியவர் வரிசையில் வந்துவிட்டார். "என்னம்மா தைரியம்? தின்னுக்கிட்டே இருப்பான், கத்திக்கிட்டே ஓடுவான். அதுவா நம்ம பிள்ளைக்கு உதாரணம்? நம்ம பிள்ளைய ஏன் ஒருத்தனும் முன்னால நிறுத்த மாட்டேங்கிறான்?"

நான் 21 வயதில் எழுதிய கட்டுரையை 60 வயதுக் குரலில் கேட்டதுபோல் இருந்தது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மைக்கை அணைத்தேன்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கோபாலை மறுபடியும் கேட்கத் தொடங்கினேன். பார்க்க அல்ல, கேட்க. காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி. குரல் தந்தவர் தமிழர் இல்லை. ட்ஸுபிர் முகமட் ஸக்காரியா என்ற மலாய்க்காரர். 'டேய்' போடுகிறார். அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார். அந்த 'டேய்' நம் வீட்டு 'டேய்' இல்லை. நாம் சொல்லும்போது கடைசியில் ஒரு கீழிறக்கம் இருக்கும். அதட்டலா அன்பா என்பது அந்த இறக்கத்தில்தான் தெரியும். அவர் சொல்லும் 'டேய்' தட்டையாக, மாமாக் கடையில் நான்கு இனத்துப் பையன்களும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் 'டேய்' மாதிரி வருகிறது. 'மச்சா'வும் அப்படித்தான். பங்சாரில் ஒரு சீனப் பையன் இன்னொரு சீனப் பையனை 'மச்சா' என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். கப்பல், கட்டில், கடை என்று நம் முன்னோர் மலாய்க்குக் கொடுத்தவை எல்லாம் பொருள்கள். 'கடை' இன்று 'கெடாய்' ஆகித் தமிழ் என்ற நினைப்பே இல்லாமல் எல்லா முச்சந்தியிலும் நிற்கிறது. இப்போது போய்க்கொண்டிருப்பவை கூப்பிடும் சொற்கள். அவற்றை யார் சொன்னாலும் நம் காது திரும்புகிறது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தது அதனால்தான்.

இதைக் கேலி என்று ஒதுக்கிவிட இப்போது எனக்கு மனம் வரவில்லை. பெருமைப்படவும் முழுதாக முடியவில்லை. கோபாலின் பயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு டு வந்தால் யாயாவும் யிங்கும் உடனே சண்டைக்கு நிற்பார்கள். கோபால் ஒருவன்தான் ஒன்பது வயதுப் பையன் உண்மையில் என்ன செய்வானோ அதைச் செய்வான்: கத்துவான், ஒளிவான், அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழுமே என்று கவலைப்படுவான். கதையில் ஆபத்து என்று ஒன்று இருப்பதே அவன் கத்துவதால்தான் நமக்குத் தெரிகிறது. சிரிப்புக்கான நேரக் கணக்கும் அவனிடம்தான் இருக்கிறது. வீரன் அடிப்பான், கைதட்டல் வாங்குவான். அதற்கு முந்திய விநாடியில் சிரிப்பு வாங்குபவன் கோபால். வானொலியில் இருவர் சேர்ந்து நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குத் தெரியும், இதில் எது கடினம் என்று.

ஆனாலும் அந்தப் பெரியவரின் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. முன்னால் ஏன் இல்லை? 'உப்பின் இப்பின்' 2007இல் வந்தது. அதில் மாட்டோடு பேசும் ராஜு உண்டு, கடைக்கார அங்கிள் முத்து உண்டு. அதை எடுத்த ஷா ஆலம் லெஸ் கோப்பாக் நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு வெளியே வந்த நிசாம் ரசாக்கும் கூட்டாளிகளும்தான் 2009இல் அனிமோன்ஸ்டாவைத் தொடங்கிக் கோபாலைப் படைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் தங்கள் கம்பத்தை வரைந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு தமிழனை மறக்காமல் வரைந்திருக்கிறார்கள். நம் தொலைக்காட்சி நாடகங்களில் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் எத்தனை பேர்? அவர்கள் என்ன பேசுகிறார்கள்? நானும் நாடகத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். போலீஸ்காரரும் முதலாளியும்தான் என் நினைவுக்கு வருகிறார்கள்.

இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பெயர்தான் என்னை நாற்காலியில் நிமிர வைத்தது. ஆனந்தம் சேவியர். ஃபிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தவர். 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' என்ற குறும்படம் அவர் கைவேலை, 1978. சருகுமான் சாங் கஞ்சிலின் கதை. மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படமாக வரலாற்றில் எழுதப்பட்டிருப்பது அதுதான். கணினி கிடையாது, ஒவ்வோர் அசைவையும் கையால் வரைய வேண்டும். தொலைக்காட்சியில் அது வெளிவரவே 1983 ஆகிவிட்டது. பின்னால் 'சாங் கஞ்சில்' கதைகளைத் தொடர்ந்து எடுத்து, 1998இல் நாட்டின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படமான 'சிலாட் லெகெண்டா'வை இயக்கிய ஹசான் முத்தலிப்பும் அதே ஃபிலெம் நெகாராவில் இருந்தவர்தான்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கினேன். கோபாலைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினேன். ஆனந்தம் சேவியர் என்ற பெயரை அந்த ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நூலகத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். தேடவில்லை, அவ்வளவுதான். நாம் படத்துக்குள் எங்கே நிற்கிறோம் என்று அளந்துகொண்டிருந்தவள், முதல் படத்தை வரைந்த கை யாருடையது என்று கேட்கவில்லை.

நிகழ்ச்சியில் மறுநாள் அவரைப் பற்றிப் பேசினேன். அன்று இரவு தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. அவன் இப்போது ஏர்கோன் பழுதுபார்க்கிறான். என் நிகழ்ச்சியை வேனில் போய்க்கொண்டே கேட்பான், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டான். அன்று சொன்னான்.

"அக்கா, நேத்து கோபால் பத்திப் பேசுனே இல்ல. உனக்கு ஞாபகம் இருக்கா தெரியல. சின்னப்ப நீ ஒண்ணு சொன்னே. அதுவரைக்கும் எனக்கு அது கேலின்னு தெரியாது. கூட்டாளிங்க கூப்பிட்டாங்க, நான் போனேன். நீ சொன்ன பிறகு கூப்பிட்டாப் போகல. அப்புறம் அவங்க கூப்பிடல." கொஞ்சம் இடைவெளி. வேனின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று கேட்கிறது. "படிவம் ஒண்ணுல வேற பசங்க அதே பேரை வச்சு நெஜமாவே கேலி பண்ணானுங்க. அப்ப நீ சொன்னது சரின்னு தோணுச்சு. ஆனா அந்த மூணாம் ஆண்டு பசங்க அப்படி இல்லக்கா. சரி, அடுத்த வீட்டு வேலை வந்துடுச்சு. அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டேன்."

ஒரு நிமிடத்துக்கும் குறைவான பதிவு. நான் அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். பதில் என்ன அனுப்புவது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்று மட்டும் அனுப்பினேன்.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். வரும் வழியில் மகளுக்கு முறுக்கும், எனக்கு வாழை இலையில் கட்டிய நாசி லெமாக்கும் வாங்கி வந்தான். மகளுக்கு ஆறு வயது. அவளும் 'போபோய்போய்' பைத்தியம். தயாரித்தவர்களே யூடியூப்பில் போட்டிருக்கிறார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளுக்குப் பிடித்தது யாயா. "ஏன்னா அவ பறப்பா."

"முதல் பாகத்தைப் போடு" என்றான் தம்பி.

போட்டாள். அதே தொப்பி, அதே கடை. 14 ஆண்டுக்கு முன்பு மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சரியாகப் பார்க்காமல் விட்ட அத்தியாயம். கோபால் வந்தான். நான் தம்பியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, கோபால் தமிழ்ல பேசுனா எப்படிப் பேசும்?" என்றாள் மகள்.

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு ரிமோட்டை எடுத்து ஒலியை முழுக்க அணைத்தான். திரையில் கோபாலின் வாய் அசைந்ததும் பேசத் தொடங்கினான்.

"டேய் போபோய்போய்! நீ முன்னால போடா. நான் பின்னால நின்னு யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துக்கறேன்."

அது கிள்ளான் தமிழ். தெங்கு கிளானா சாலையில் நின்று கேட்டால் எந்தக் கடை வாசலிலும் கேட்கக்கூடிய தமிழ். 'டேய்' போய் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. மகள் கீழே விழுந்து சிரித்தாள். தோக் அபா திரையில் வந்ததும் அவன் குரலைத் தாழ்த்தி, "தாத்தா, 555-ல எழுதிக்குங்க. அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் கொடுத்துடுவோம்" என்றான். அந்தக் காட்சியில் கோபால் கடன் கேட்கவே இல்லை.

"யாயா யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டு மகளே பதிலும் சொன்னாள். "அம்மா பேசுங்க. நீங்கதானே ரேடியோல பேசுறீங்க."

நான் பேசினேன். நன்றாக வரவில்லை. செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது என்று தம்பி சொன்னான். யிங்கும் போபோய்போயும் மகள் பங்கு. சமாளித்துக்கொண்டு வந்தோம். ஆடு டு வந்ததும் எல்லாரும் நிறுத்திவிட்டோம். அந்தக் கோபம் எங்கள் மூவருக்குமே வரவில்லை. தம்பி கைப்பேசியை எடுத்துக் கிள்ளானுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசை மீது வைத்தான்.

"பாட்டி, ஒரு ஆள் வேணும்" என்றாள் மகள். "தலை சதுரமா இருக்கும். ரொம்பக் கோபமா இருக்கும். கப்பை எல்லாம் தூக்கி எறியும்."

"யாரைத் திட்டணும், சொல்லு" என்றார் அம்மா.